கோழிக் கருவில் பாக்ஸ்7: ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியின் மதிப்பீடு

கருவியல் ஆய்வகத்தில் ஒரு ஆன்டிபாடியை (குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொண்டு, ஒளிர்வுச் சாயத்தின் உதவியால் அது திசுவில் இருக்கும் இடத்தைக் காட்டும் மூலக்கூறு) எப்போது நம்பலாம் என்ற கேள்விக்கு, அது எங்கே ஒளிர்கிறது என்பதைவிட எங்கே ஒளிராமல் இருக்கிறது என்பதே நல்ல விடை தரும் என்று நான் கருதுகிறேன். ஏழு ஆண்டுகளாகக் கோழிக் கருக்களில் நான் பயன்படுத்தி வரும் பாக்ஸ்7 மோனோகுளோனல் (ஒரே செல்வரிசையிலிருந்து பெறும்) ஆன்டிபாடியை அந்த அளவுகோலைக் கொண்டே இங்கே மதிப்பிடுகிறேன். இது அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வளர்ச்சியியல் ஆய்வுகளுக்கான ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் கலப்புச் செல்) வங்கியிலிருந்து கிடைக்கிறது. நரம்புக்குழல் (மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் குழாய்), நரம்பு முகடு (அதன் மேல்விளிம்பிலிருந்து பிரிந்து பரவும் செல்கள்), தசைகளின் முன்னோடிச் செல்கள் ஆகியவற்றை ஆராய்பவருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் திசுவை வேதிப்பொருளால் நிலைப்படுத்தும் முறையிலும், வேறு ஆன்டிபாடிகளோடு சேர்த்துப் பயன்படுத்துவதிலும், எலித் திசுவில் பயன்படுத்துவதிலும் கவனிக்க வேண்டியவை உள்ளன. அவற்றை அறியாமல் வாங்கினால் முதல் சில மாதங்கள் வீணாகக்கூடும்.

பாக்ஸ்7 ஒரு படியெடுத்தல் காரணி. அதாவது உட்கருவில் இருந்துகொண்டு பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் புரதம். பாலூட்டிகளில் ஒன்பது பாக்ஸ் மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் பாக்ஸ்3, பாக்ஸ்7 ஆகிய இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. டிஎன்ஏவைப் பற்றும் பகுதிகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கருவில் இவை இருக்கும் இடங்களும் பல வேளைகளில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே பாக்ஸ்7-ஐ மட்டும் தனித்துக் காட்டும் ஆன்டிபாடியை உருவாக்க வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுவான பகுதியை விட்டுவிட்டு, வேறுபடும் வால்பகுதியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இந்த ஆன்டிபாடி அப்படித்தான் உருவானது. கோழியின் பாக்ஸ்7 புரதத்தில் 352 முதல் 523 வரையிலான அமினோ அமிலங்களைக் கொண்ட துண்டைப் பாக்டீரியாவில் தயாரித்து, அதை எலிக்குச் செலுத்திப் பெற்றது இது. அட்சுஷி கவகாமியின் குழு 1997-இல் கோழியின் மூளை வளர்ச்சியில் பாக்ஸ்6, பாக்ஸ்7 புரதங்கள் பரவியிருக்கும் இடங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வோடு இது அறிமுகமாயிற்று. பின்னர் வங்கியில் வைக்கப்பட்டதால் இன்று எவரும் பெறக்கூடியதாக இருக்கிறது.

அந்த வங்கியைப் பற்றி ஒரு சொல். மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் வெளியிட்ட பின், ஒவ்வோர் ஆய்வகமும் தான் உருவாக்கிய ஹைப்ரிடோமா செல்வரிசையைத் தன் உறைபெட்டியிலேயே வைத்திருந்தது. ஆய்வாளர் ஓய்வு பெற்றாலோ ஆய்வகம் மூடப்பட்டாலோ செல்வரிசையும் அதோடு மறைந்துவிடும் நிலை இருந்தது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1986-இல் இந்த வங்கியை நிறுவியதற்கு அதுவே காரணம். இலாப நோக்கமின்றி, தன் செலவுக்கு வேண்டியதை மட்டும் பயன்படுத்துவோரிடம் பெற்றுக்கொண்டு அது இயங்குகிறது. கருவியல் துறை இதற்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஆன்டிபாடிக்கு நான் வந்துசேர்ந்த வழி நேரானதன்று. முதலில் வேறொரு நிறுவனத்தின் முயல் பாலிகுளோனல் (பல செல்வரிசைகளின் ஆன்டிபாடிகள் கலந்த) ஆன்டிபாடியை வாங்கினோம். முயலில் உருவானது என்பதால் எலி ஆன்டிபாடிகளோடு எளிதாகச் சேர்க்கலாம் என்பதே அப்போது எங்கள் கணக்கு. முதல் தொகுதியில் நரம்புக்குழலின் முதுகுப்புறம் நன்றாகவே ஒளிர்ந்தது. ஆனால் அதே வெட்டில், நரம்புக்குழலுக்கு அடியில் ஓடும் முதுகு நாணும் மங்கலாக ஒளிர்ந்தது. அதைப் பின்னணி ஒளிர்வு என்று சொல்லி ஒதுக்கினோம். இரண்டாவது தொகுதி வந்தபோது முதுகு நாண் நரம்புக்குழலைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தது. ஒளிர்வு உட்கருவிலும் இல்லை, செல் முழுவதும் பரவியிருந்தது. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் எடுத்த படங்களில் எவற்றை நம்புவது என்று தெரியாமல் அனைத்தையும் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. இழப்பு பெரியது. ஆனால் முதுகு நாணை முதலில் பார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான் எனக்கு வந்தது.

ஏன் முதுகு நாண்? நரம்புத் தட்டு உருவாகும் தொடக்கத்தில் பாக்ஸ்7 அதில் பரவலாகத் தோன்றுகிறது. பிறகு முதுகு நாணும், நரம்புக்குழலின் அடித்தளமும் சுரக்கும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் அதை வயிற்றுப்புறத்திலிருந்து அடக்கிவிடுகிறது. இதற்கு மிகக் குறைந்த செறிவே போதும். அதனால் பாக்ஸ்7 முதுகுப்புறச் செல்களில் மட்டும் எஞ்சுகிறது. இந்த எல்லை கூர்மையானது. எனவே கருவின் உடற்பகுதியில் எடுக்கும் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும், இருக்க வேண்டிய இடமும் இருக்கக் கூடாத இடமும் ஒரு மில்லிமீட்டருக்குள் அருகருகே அமைந்திருக்கின்றன. தனியே கட்டுப்பாட்டு மாதிரி தயாரிக்காமலே, ஒரே கண்ணாடித் தகட்டில் ஆன்டிபாடியைச் சோதிக்க இயற்கை தந்த வசதி இது. எல்லாப் புரதங்களுக்கும் இப்படி அமைவதில்லை.

இந்த மோனோகுளோனலை முதன்முதலில் 38 பாகை செல்சியசில் ஏறத்தாழ 36 மணி நேரம் அடைகாத்த முட்டையிலிருந்து எடுத்த கருவில் பயன்படுத்தினேன். ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951-இல் வகுத்த நிலைகளில் அது பத்தாவது. பத்து இணை சோமைட்டுகள் (தசையும் எலும்பும் ஆகவிருக்கும் திசுக் கட்டிகள்), உருவெடுக்கத் தொடங்கிய மூளைக் குமிழ்கள், வலப்பக்கம் வளையத் தொடங்கும் இதயம். நுண்ணோக்கியின் கீழ் கரு முழுவதையும் மேலிருந்து பார்த்தபோது, நடுமூளையின் இருபுறமும் நரம்பு முகட்டுச் செல்கள் விசிறிபோல் வெளியே பரவிச் செல்வது ஒவ்வொரு உட்கருவாகத் தெரிந்தது. அதே கருவை உறையவைத்து வெட்டிப் பார்த்தேன். நரம்புக்குழலின் மேற்பகுதி ஒளிர்ந்தது, அடிப்பகுதி இருண்டிருந்தது, முதுகு நாண் முற்றிலும் இருண்டிருந்தது. உட்கருவைக் காட்டும் டாபி சாயத்தோடு சேர்த்துப் பார்த்தபோது ஒளிர்வு உட்கருவின் எல்லையைத் தாண்டவே இல்லை. அந்த ஒரு வெட்டைப் பார்த்த பிறகே முந்தைய ஐந்து மாதப் படங்களை நீக்க மனம் வந்தது.

இதைவிட இளைய கருக்களில் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. நரம்பு முகடு என்பது நரம்புக்குழல் மூடும் காலத்தில்தான் முடிவாகிறது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. மார்ட்டின் பாஷ், மரியான் பிரானர், மார்ட்டின் கார்சியா-காஸ்ட்ரோ ஆகியோர் 2006-இல், கரு அடுக்குகள் உருவாகும் கேஸ்ட்ருலா நிலையிலேயே, வருங்கால நரம்புத் தட்டின் விளிம்பில் பாக்ஸ்7 தோன்றுவதைக் காட்டினர். அந்தப் புரதம் உருவாவதைத் தடுத்தால், பின்னர் வரவேண்டிய ஸ்லக், சாக்ஸ்9, சாக்ஸ்10 ஆகிய நரம்பு முகட்டு அடையாளங்களும் குறைகின்றன என்றும் நிறுவினர். அந்த விளிம்புச் செல்களைக் காண்பது எளிதன்று. ஐந்தாம் ஆறாம் நிலைகளில் ஒளிர்வு மங்கலாகவே இருக்கும். நான் பார்த்தவரை, நிலைப்படுத்தும் நேரத்தைக் கட்டுக்குள் வைத்தால் இந்த ஆன்டிபாடி அந்த மங்கலான வளைவையும் தவறாமல் காட்டுகிறது.

நிலைப்படுத்துதலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆன்டிபாடி சரியாக வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்த மாணவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் அங்கேதான் இருந்தது. நான்கு விழுக்காடு பாராபார்மால்டிஹைடில் அறை வெப்பநிலையில் 20 முதல் 30 நிமிடம் வைத்த இளங்கருக்கள் மிகச் சிறந்த ஒளிர்வைத் தருகின்றன. இரண்டரை நாள் கருவுக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கிறது. அதே கருவைக் குளிரில் இரவு முழுவதும் வைத்தால் முதுகுப்புற நரம்புக்குழல் அப்போதும் தெரியும். ஆனால் மங்கலான இடங்கள், குறிப்பாக இளம் நரம்புத் தட்டின் விளிம்பும், சோமைட்டிலிருந்து உருவாகும் டெர்மோமயோடோமின் ஓரங்களும் மறைந்துவிடுகின்றன. ஒருமுறை நானே ஒரு தொகுதிக் கருக்களை வெள்ளிக்கிழமை மாலை கரைசலில் இட்டுத் திங்கட்கிழமை காலையில் எடுத்தேன். அவற்றில் பாக்ஸ்7 குறைந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன். குறைந்திருந்தது புரதமன்று, ஆன்டிபாடி அதை எட்டும் வழி. உறைவெட்டுகளாக இருந்தால் பி.எச். 6 உள்ள சிட்ரேட் கரைசலில் சூடாக்கிப் பெரும்பகுதியை மீட்க முடிகிறது. முழுக்கருவாக இருந்தால் அந்தச் சூட்டில் திசு சிதைந்துவிடும் என்பதால் அதை முயலாமல் இருப்பதே நல்லது. பரிசோதனைக் கருவும் கட்டுப்பாட்டுக் கருவும் ஒரே குப்பியில், ஒரே நேரம், ஒரே கரைசலில் நிலைப்படுத்தப்பட வேண்டும் என்பதை இந்த ஆன்டிபாடியின் விதியாகவே எங்கள் ஆய்வகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

செறிவைப் பொறுத்தவரை, இது செல் வளர்ப்பு மேல்நீராகவும் (செல்கள் வளர்ந்த திரவம்) செறிவூட்டப்பட்டதாகவும் கிடைக்கிறது. ஒளிர்வுச் சாயமேற்றலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம் வரை என்பது வங்கி தன் ஆன்டிபாடிகளுக்குப் பொதுவாகக் கூறும் தொடக்க அளவு. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. மேல்நீரைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்துத் தொடங்குவேன். ஐந்தில் ஒன்றாகக் கூட்டினால் ஒளிர்வு சிறிதே கூடுகிறது, பின்னணி பெரிதும் கூடுகிறது. நேரத்தைக் கூட்டுவதே பலன் தருகிறது. ஆன்டிபாடி மூலக்கூறு 150 கிலோடால்டன் எடையுள்ளது. தடித்த கருவுக்குள் அது மெல்லத்தான் நுழையும். ஆகவே மூன்று நாள் கருவுக்கு 4 பாகையில் இரண்டு இரவுகள் தருவேன், திசுவை ஊடுருவ உதவும் டிரைட்டானையும் 0.5 விழுக்காடாக உயர்த்துவேன். வெட்டுகளுக்கு ஓர் இரவே போதும்.

வேறு ஆன்டிபாடிகளோடு சேர்ப்பதில்தான் இதன் வலிமையும் வரம்பும் ஒருங்கே தெரிகின்றன. இது எலியில் உருவான ஐஜிஜி1 வகை (ஆன்டிபாடிகளின் வகைகளுள் ஒன்று). கோழிக் கருவியலில் நாள்தோறும் வேண்டியிருக்கும் சில ஆன்டிபாடிகளும் எலியில் உருவானவையே. ஆனால் வகை வேறுபட்டால் இடர் இல்லை. இடம்பெயரும் நரம்பு முகட்டுச் செல்களின் பரப்பைக் காட்டும் எச்என்கே-1 ஐஜிஎம் வகையைச் சேர்ந்தது. தசையின் மயோசினைக் காட்டும் எம்எஃப்20 ஐஜிஜி2பி. வகைக்கேற்ற இரண்டாம் நிலை ஆன்டிபாடிகளை (முதல் ஆன்டிபாடியைப் பற்றும், சாயம் தாங்கியவை) தேர்ந்தெடுத்தால், ஒரே வெட்டில் உட்கருவில் பாக்ஸ்7 ஒரு நிறத்திலும், செல்பரப்பில் எச்என்கே-1 மற்றொரு நிறத்திலும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. நரம்புக்குழலை விட்டு வெளியேறும் செல்லில் இரண்டும் ஒன்றாக இருப்பதையும், சற்றுத் தொலைவு சென்ற செல்லில் பாக்ஸ்7 மங்கிவருவதையும் ஒரே படத்தில் காண்பது, பல நூறு கருக்களை வெட்டிய பின்னும் எனக்கு மகிழ்ச்சி தரும் காட்சி. நரம்புக்குழலின் வயிற்றுப்புற எல்லையை அறிய என்கேஎக்ஸ்2.2 புரதத்துக்கான ஆன்டிபாடியைச் சேர்க்க விரும்புவோருக்கும் வழி உண்டு. பரவலாகப் பயன்படும் 74.5ஏ5 செல்வரிசை ஐஜிஜி2பி வகையே.

பாக்ஸ்6 மட்டும் இந்த வரிசையில் சேராது. அதே வங்கியில் பாக்ஸ்6 என்ற பெயரிலேயே கிடைக்கும் ஆன்டிபாடியும் எலி ஐஜிஜி1 வகை; ஆகவே பாக்ஸ்6, பாக்ஸ்7 இரண்டையும் இந்த இரு ஆன்டிபாடிகளைக் கொண்டு ஒரே வெட்டில் பிரித்துக் காட்ட முடியாது. அடுத்தடுத்த வெட்டுகளில் தனித்தனியே செய்யலாம், அல்லது பாக்ஸ்6-க்கு முயலில் உருவானதைத் தேடலாம். சாயத்தை நேரடியாக ஆன்டிபாடியிலேயே இணைத்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். மேல்நீரில் கன்றின் சீரம் கலந்திருப்பதால், அமீன் தொகுதியோடு பிணையும் சாயம் ஆன்டிபாடியைவிடச் சீரப் புரதங்களோடுதான் அதிகம் இணையும். தூய்மைப்படுத்தாமல் அதில் இறங்கக் கூடாது.

தசையை ஆராய்பவர்களுக்கு இந்த ஆன்டிபாடி வேறொரு வாசலைத் திறந்தது. தசை நாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சாட்டிலைட் செல்களை அலெக்சாண்டர் மாரோ 1961-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு பெயரிட்டார். அவற்றுக்குப் பாக்ஸ்7 இன்றியமையாதது என்பது 2000-ஆம் ஆண்டில் எலிகளில் தெரியவந்தது. கோழிக் கருவில் டெர்மோமயோடோமின் நடுப்பகுதியிலிருந்து இறங்கும் செல்கள் பாக்ஸ்7-ஐத் தாங்கியபடியே தசைக்குள் புகுந்து, பின்னாளின் சாட்டிலைட் செல்களுக்கு முன்னோடிகளாகின்றன என்பதைக் கிறிஸ்டோஃப் மார்செலின் குழு 2005-இல் காட்டியது. எங்கள் வெட்டுகளில், எம்எஃப்20-ஆல் நிறமேறிய நார்களுக்கு இடையே பாக்ஸ்7 உட்கருக்கள் தனித்தனியாக நிற்பது மிகத் தெளிவாக இருக்கிறது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து காணப்படுவது அரிது. அந்தப் பிரிவும் ஆன்டிபாடியின் நம்பகத்தன்மைக்கு ஒரு சான்று.

எலித் திசுவுக்கு வந்தால் வேலை கடினமாகிறது. எலியில் உருவான ஆன்டிபாடியை எலித் திசுவில் இட்டால், இரண்டாம் நிலை ஆன்டிபாடி திசுவில் ஏற்கெனவே இருக்கும் எலி ஐஜிஜியையும் பற்றிக்கொள்ளும். முதிர்ந்த தசையில், குறிப்பாகக் காயம்பட்டு மீளும் தசையில், நார்களுக்கு இடையிலான வெளி முழுவதும் ஒளிரும். எலி ஐஜிஜிக்கு எதிரான ஃபேப் என்ற ஆன்டிபாடித் துண்டுகளால் முன்கூட்டியே மறைப்பதும், ஐஜிஜி1-க்கு மட்டும் உரிய இரண்டாம் நிலை ஆன்டிபாடியைப் பயன்படுத்துவதும், சிட்ரேட்டில் சூடாக்குவதும், தேவைப்பட்டால் டைராமைடு முறையில் ஒளிர்வைப் பெருக்குவதும் சேர்ந்தால் நல்ல படம் கிடைக்கிறது. ஆனால் கோழியில் முதல் நாளே கிடைப்பது எலியில் மூன்று வாரம் எடுக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்க வேண்டும். கோழியின் சொந்த ஆன்டிபாடி எலியினதிலிருந்து வெகுவாக வேறுபட்டது என்பதால் அங்கே இந்தத் தொல்லை எழுவதே இல்லை. காடை, தவளை, ஆக்சலாட்டில், சீப்ரா மீன் ஆகியவற்றிலும் இது பயன்பட்டிருக்கிறது. சீப்ரா மீனில் மஞ்சள் நிறமிச் செல்களையும் காட்டுகிறது என்பதால், நிறமிச் செல்லைத் தசை முன்னோடியாக எண்ணிவிடாமல் இருக்க வேண்டும்.

ஒளிர்வின் அளவைக் கொண்டு புரதத்தின் அளவைச் சொல்ல முற்படுவோரிடம் நான் உடன்படுவதில்லை. ஒரே வெட்டின் இரு பக்கங்களை ஒப்பிடலாம். கோழிக் கருவில் மின்துடிப்பு மூலம் டிஎன்ஏவைச் செலுத்தும்போது அது நேர்மின்முனை உள்ள பக்கத்தை நோக்கியே செல்வதால், நரம்புக்குழலின் ஒரு பாதி மாற்றம் பெற்றதாகவும் மறுபாதி மாறாததாகவும் ஒரே வெட்டில் அமைகின்றன. அங்கே பாக்ஸ்7 உட்கருக்களை எண்ணி ஒப்பிடுவது நேர்மையான அளவீடு. வேறு வேறு நாளில் சாயமேற்றிய இரு தகடுகளின் ஒளிர்வை எண்ணாக மாற்றி ஒப்பிடுவது அப்படியன்று. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 57 கிலோடால்டனை ஒட்டி எனக்குப் பட்டை கிடைத்தது. அந்தப் பயன்பாட்டில் என் அனுபவம் குறைவு.

மோனோகுளோனல் என்பதாலேயே தொகுதிக்குத் தொகுதி சோதிக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தையும் நான் ஏற்பதில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 185 ஹைப்ரிடோமாக்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எதிர்பாராத கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகள் இருந்தன. இது இந்த ஆன்டிபாடியைக் குறித்த குறைகூறல் அன்று. ஹைப்ரிடோமா என்ற உயிருள்ள செல்லின் இயல்பு. ஆய்வுக் கட்டுரையில் ஆர்ஆர்ஐடி (ஆய்வுப் பொருளின் தனி அடையாள) எண்ணைக் குறிப்பிடுவதும் இதனோடு சேர்ந்த கடமை. இந்த ஆன்டிபாடிக்கு அது ஏபி_528428. வெறுமனே பாக்ஸ்7 ஆன்டிபாடி என்று எழுதினால், முதலில் நாங்கள் வாங்கிய பாலிகுளோனலையும் இதையும் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

வந்தவுடன் சிறு பங்குகளாகப் பிரித்து, உடனே தேவைப்படுவதை 4 பாகையிலும் மற்றவற்றை உறைநிலையிலும் வைக்கிறோம். செறிவூட்டப்பட்டதாக இருந்தால் சம அளவு கிளிசரால் சேர்க்கிறோம். ஒருமுறை உருகியதை மீண்டும் உறையவைப்பதில்லை. பத்தாம் நிலைக் கருக்களின் உறைகட்டி ஒன்றை இதற்கெனவே தனியே வைத்திருக்கிறோம். புதிய குழாய் வரும்போது, அந்தக் கட்டியிலிருந்து எடுத்த வெட்டுகளில் பழைய தொகுதியையும் புதிய தொகுதியையும், முதல்நிலை ஆன்டிபாடி இல்லாத ஒரு தகட்டையும் ஒரே நாளில் சாயமேற்றிப் பார்க்கிறோம். சென்ற மாதம் வந்த குழாயையும் அப்படியே பார்த்தோம். நரம்புக்குழலின் மேற்பகுதி இரண்டு தகடுகளிலும் ஒரே அளவில் ஒளிர்ந்தது. முதுகு நாண் மூன்றிலும் இருண்டிருந்தது. மறுநாள் காலை முட்டைகளை அடைகாப்பானில் வைத்தோம்.